நாயகம் மாஸ்டர் சொன்ன ஒரு பொய்

கோயில் மடத்தின் வாசற்படியில் நாயகம் மாஸ்டர் நின்றார். செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் நாங்கள் பின்னால், பாயில். மத்தியான அன்னதானத்துக்குக் கழுவிக் கவிழ்த்த கிடாரங்களிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மின்விசிறி, காற்றைத் தராமல் சத்தத்தை மட்டும் தந்தது.

யன்னலுக்கு வெளியே எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் வொலிபோல் அணி. கம்பிகளைப் பிடித்திருந்த விரல்களில் என் மகள் ஆதிரையின் விரல்கள் எவையென்று எனக்குத் தெரிந்தது. சுண்டுவிரலில் பிளாஸ்டர்.

முன் வரிசையில் இவர், என் கணவர். கோயில் பரிபாலன சபை உறுப்பினர். வெள்ளை வேட்டி, முழங்காலில் இரண்டு கைகள்.

விசயம் சின்னது. பிள்ளைகள் விளையாடும் மைதானம் கோயில் காணி. அவர்களுக்குப் பயிற்சி தருகிற நாயகம் மாஸ்டர் வேதக்காரர், கத்தோலிக்கர். அவர் எங்கள் பிள்ளைகளை மதம் மாற்றுகிறார் என்று புகார் வந்திருந்தது. அவர் இனி வரலாமா, கூடாதா? அவர் வராவிட்டால் அணி இல்லை. எங்கள் மடத்துவெளி ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பந்து பிடித்துக் கொடுக்க வேறு ஒருவரும் காத்திருக்கவில்லை.

“உள்ளை வாங்கோ மாஸ்டர், ஏன் வாசல்லை நிக்கிறியள்?” என்றார் சபைத் தலைவர், கடைசியில்.

“கால் மண்ணாக் கிடக்கு ஐயா.”

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் முணுமுணுத்தாள்: “மண்ணில்லாத கால் இந்தத் தீவிலை ஆருக்கு இருக்கு?”

பஸ் மறிக்கிற ரீம்

இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் கடற்காற்றைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். பாதி எழுதியும்விட்டேன். அழகாக வந்தது. அழகாக வந்ததாலேயே கிழித்துப் போட்டேன். நெஞ்சில் ஒன்று கிடக்க, காற்றைப் பற்றி எழுதுகிறவளை எனக்குப் பிடிக்காது.

நாயகம் மாஸ்டர் அல்லைப்பிட்டிக்காரர். என்னைவிட இரண்டொரு வயது இளையவராக இருக்கலாம். ஒரு காலத்தில் மாகாண அணியில் ஆடியவர். இப்போது கூட்டுறவுக் கடையில் வேலை. வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில், கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்கு வருவார். எதிர்க்காற்றில் வந்த கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். யுத்தகாலத்தில் அல்லைப்பிட்டியில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. அவர் வீட்டிலிருந்தும் போனவர்கள் உண்டு. அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

அவருடைய வேதத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். மைதானத்தில் இறங்கும்போது குனிந்து மண்ணைத் தொடுவார். நெற்றியில் ஈ கலைப்பது போல ஒரு சிலுவை. ஞாயிறு காலையில் பயிற்சி இல்லை. ஆண்டவர், சுவர்க்கம், நரகம் என்று ஒரு சொல் அவர் வாயில் வந்ததில்லை.

ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆட்டத்தில் உன் கை நெற்றில், நடுவில் கட்டிய வலையில், பட்டால், நடுவர் காணாவிட்டாலும், நீயே கை தூக்கிச் சொல்லவேண்டும். புள்ளி மற்றப் பக்கத்துக்கு.

“றெபிறி காணேல்லை மாஸ்டர்!” என்று பிள்ளைகள் சிணுங்குவார்கள்.

“உமக்குத் தெரியும்தானே பிள்ளை?” என்பார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

சட்டம் அவருக்கும் இருந்தது. ஒருநாள் மெறினா பிந்தி வந்தாள் என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டார். மெறினா அணியில் இருந்த ஒரேயொரு வேதக்காரப் பிள்ளை, தாய் நெடுந்தீவு. பஸ் பழுதாகித் தாம்போதியிலிருந்து அவள் நடந்து வந்தது பிறகுதான் தெரிந்தது. மாஸ்டர் அதே எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கினார். “பிழை என்னிலை. மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை.” அன்று மகளைக் கூட்டிவரப் போயிருந்த நான் அதைப் பார்த்தேன். எங்கள் ஆண்கள் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. அதிகம் போனால் மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

வேலணையில் ஓர் அரையிறுதி. மற்ற ஊர்ப் பெடியள் மதிலில் ஏறியிருந்து கூவினார்கள்: “டேய், பஸ் மறிக்கிற ரீம் வருதடா! கையைத் தூக்குங்கோ, ஏத்திக்கொண்டு போறம்!” ஆட்டம் முடிகிற தறுவாயில் மெறினா உண்மையிலேயே கை தூக்கினாள். நடுவரே ஒரு கணம் விளங்காமல் நின்றார். தோற்றோம். திரும்பி வரும் வான் வண்டியில் பிள்ளைகள் யன்னலோரம் சாய்ந்திருந்தார்கள். மாஸ்டர் மட்டும், “இண்டைக்கு நல்லா விளையாடினீங்கள்” என்றார். ஊருக்கு அது பிடிக்கவில்லை. தோற்றவர்கள் தலை குனிந்து வரவேண்டும். எங்கள் பிள்ளைகள் பசியோடு மட்டும்தான் வந்தார்கள்.

அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்தது. சாப்பிடும்போது ஆதிரை கையைத் தூக்குவாள். “அம்மா, அந்தப் பூக்கோப்பை உடைச்சது பூனையில்லை, நான்.” பிறகு நானும் தூக்கினேன். ஒருநாள் இவர்கூடத் தூக்கினார். “அண்டைக்குக் கறிக்கு உப்புக் காணாதெண்டு சொன்னது பொய். உம்மிலை கோவம், அதுதான்.” மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை எழுதும்போது எனக்கு இப்போது கை கூசுகிறது.

ஒரு சொல்

பிள்ளைகள் அந்தக் கை தூக்கலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: சங்கீர்த்தனம். வைத்தவள் மெறினா. முதல்நாளே, “இதென்ன மாஸ்டர், மைதானத்திலையும் சங்கீர்த்தனமோ?” என்று அவள் பகிடிவிட, சொல் ஒட்டிக்கொண்டது. மாஸ்டர் அதை ஒருநாளும் சொன்னதில்லை. சிரித்ததோடு சரி.

வேதக்காரருக்குச் சங்கீர்த்தனம் என்றால் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்வது. சைவ வீட்டில் பிறந்த எங்களுக்கு அது பஜனை. ஆர்மோனியமும் தாளமும்.

ஆதிரை வந்து, “இண்டைக்கு நான் ரெண்டு தரம் சங்கீர்த்தனம்” என்றபோது, பயிற்சி தொடங்கமுன் பிள்ளைகளைப் பாட விடுகிறார் என்றே நானும் நினைத்தேன். இவருக்குப் பூரிப்பு. “பாத்தீரே, வேதக்காரனெண்டாலும் எங்கட பிள்ளையளை எங்கட முறையிலை வளக்கிறான்.” அந்தப் பூரிப்பைத் திருவிழாவில் தலைவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். தலைவர் அதைச் சபையில் சொல்ல, அங்கே இருந்த ஓர் இளைஞனின் முகம் மாறியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்கிய ஏதோ சைவப் பேரவையில் சேர்ந்து, நெற்றி நிறையப் பூசத் தொடங்கியிருந்தவன். அவன் படித்தது சுவாமியார்மாரின் பள்ளிக்கூடத்தில். அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் அவனுக்குத் தெரியும்.

புகார் வந்த வழி அதுதான். என் கணவரின் புகழ்ச்சிதான் புகாராக மாறி மடத்துக்கு வந்தது.

தாம்போதியில்

இன்னொன்றையும் சொல்லாமல் மடத்துக்குத் திரும்ப ஏலாது.

அந்தத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னர், பயிற்சியில் பின்னோக்கி ஓடிப் பந்தை எடுக்கப்போன ஆதிரையின் தலை, நெற் கட்டுகிற இரும்புத் தூணில் அடித்தது. விழுந்தவள் எழும்பவில்லை. அம்புலன்ஸுக்குக் காத்திருக்க இவருக்கு மனம் வரவில்லை. எங்கள் வானில் ஏற்றினோம். இவர் ஓட்ட, பின்னால் நானும் மாஸ்டரும். பிள்ளையின் தலை என் மடியில், கனத்துப்போய்.

தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். அன்று அது அசையவேயில்லை. தகரம் மாதிரிக் கிடந்தது. வான் ஒவ்வொரு பள்ளத்திலும் விழ, பிள்ளையின் தலை என் கையில் உருண்டது.

“மாஸ்டர்,” என்றார் இவர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு ஒரு தேவாரமும் வாயிலை வருகுதில்லை. நீங்கள் உங்கட ஆண்டவரிட்டைக் கேளுங்கோ. சத்தமாக் கேளுங்கோ. எனக்கும் கேக்கவேணும்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஆதிரையின் நெற்றியில் கையை வைத்தார். பந்து பட்டுத் தடித்த கை. “ஆண்டவரே, இந்தப் பிள்ளை இவையின்ரை. இவையளிட்டையே விட்டுவிடும்.” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வேறு அலங்காரம் இல்லை. நான் கவிதை எழுதுகிறவள். அதைவிட நல்ல வரி ஒன்று இன்னும் எனக்கு வரவில்லை.

அல்லைப்பிட்டிச் சந்தியைத் தாண்டும்போது ஆதிரை கண்ணைத் திறந்தாள். “அம்மா, பந்து உள்ளையோ வெளியிலையோ?” என்றாள். இவர் வானை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதார்.

யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தியை இவர் தீர்த்தார். மாஸ்டரிடமும் ஒரு பெட்டி மெழுகுதிரி கொடுத்தார். “உங்கட கோயிலிலை கொளுத்துங்கோ. ஊரிலை சொல்லவேண்டாம்.” எவரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் இவர். அதை நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மடம்

“சங்கீர்த்தனமெண்டால் பஜனையில்லை ஐயா,” என்றான் அந்த இளைஞன், எழுந்து நின்று. “அவையள் சுவாமியாருக்கு முன்னாலை முழந்தாளிலை நிண்டு பாவம் சொல்லுறது. அதை எங்கட பிள்ளையளைச் செய்விக்கிறார்.”

“பாவமோ?” தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வொலிபோல் விளையாடுற பெட்டையளுக்கு என்ன தம்பி பாவம்?”

யாரோ சிரித்தார்கள். யன்னலிலிருந்து மெறினா கத்தினாள்: “அந்தச் சொல் நான் சொன்னது! மாஸ்டர் சொல்லேல்லை! நெற்றிலை கை பட்டால் கை தூக்கிறது, அவ்வளவுதான்!”

“பிள்ளை, பெரியாக்கள் கதைக்கேக்கை பேசாமல் இரும்,” என்றார் தலைவர். ஆனால் குரலில் கோபம் இல்லை. ஆட்கள் கதிரைகளில் தளர்ந்தார்கள். ஒருவர் பிளேன்ரீ எங்கே என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இளைஞன் மட்டும் கதிரையில் இருக்கவில்லை, நின்றான். “அப்ப ஒண்டே ஒண்டு கேக்கிறன் மாஸ்டர். எங்கட பிள்ளையள் ஆருக்காவது தலையிலை கை வைச்சுச் செபம் செய்தனீங்களோ? ஓமோ, இல்லையோ?”

அவனுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டில் கல் எறிந்து பார்த்தான். அந்த வானில் இருந்தது நான்கு பேர். அதில் ஒருத்திக்கு நினைவில்லை. ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். அணி மிஞ்சும். எல்லோரும் பிளேன்ரீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நாயகம் மாஸ்டர் வகுப்பில் நிற்கும் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார். “ஓம். செய்தனான்.”

மடம் இரைந்தது. தலைவர் கையமர்த்தினார். “ஆருக்கு?”

“ஆதிரைக்கு. அடிபட்ட அண்டைக்கு.”

“தாய் தேப்பன் கேட்டவையோ, நீங்களாச் செய்ததோ?”

மாஸ்டர் தலை குனிந்தார். நிலத்தைப் பார்த்தார். இவர் சொல்வார் என்று காத்திருந்தேன். இவருடைய முதுகைப் பார்த்தேன். வேட்டியில் துடைத்த கை திரும்பவும் முழங்காலுக்குப் போனது. மின்விசிறி சுற்றியது.

நான் எழுந்தேன். “கேட்டது இவர்தான் ஐயா. சத்தமாச் செபிக்கச் சொல்லிக் கேட்டவர். நான் பக்கத்திலை இருந்தனான்.”

எல்லாத் தலைகளும் முதலில் என்னிடம் திரும்பின. பிறகு இவரிடம்.

“அப்பிடியோ?” என்றார் தலைவர்.

இவர் மேலே பார்த்தார். “அந்த அந்தரத்திலை நான் என்ன சொன்னனெண்டு… எனக்கு ஞாபகமில்லை.”

இளைஞன் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தான். அப்போதுதான் நாயகம் மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். இவரைப் பார்த்தார், கொஞ்ச நேரம். பிறகு தலைவரிடம் திரும்பினார்.

“அவர் கேக்கேல்லை ஐயா. அக்கா பிள்ளையின்ரை யோசனையிலை இருந்தவ, மாறி விளங்கியிருப்பா. நானாத்தான் செபிச்சனான்.”

அவ்வளவுதான். நெற்றில் நகம் பட்டாலும் கை தூக்கச் சொன்ன மனிதர், ஊருக்கு முன்னால் முழுப்பொய் சொன்னார். என் கணவரின் முகத்தைக் காப்பாற்ற. அதற்காக என்னைப் புத்தி பேதலித்த பெண்ணாக்கினார்.

“இரும் தங்கச்சி,” என்றார் தலைவர், மிக அன்பாக. அந்த அன்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மாஸ்டர் தானாக விலகிக்கொண்டார் என்று தீர்மானம் ஆயிற்று. அவருக்கும் பிளேன்ரீ கொடுத்தார்கள். குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆதிரை கேட்டாள்: “மாஸ்டர் பொய் சொன்னவர், என்ன அம்மா?”

“ஓம்.”

“அப்பாவும்?”

இவர் எங்களுக்கு முன்னால், வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

கடனில்லாத மன்னிப்பு எனக்குத் தெரியாது

மைதானத்தில் இப்போது மாடுகள் மேய்கின்றன. புதுப் பயிற்றுநர் வருவார் என்றார்கள். வரவில்லை. மெறினாவைத் தாய் நெடுந்தீவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஆதிரை மட்டும் விடவில்லை. அல்லைப்பிட்டியில் மாஸ்டர் வேறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். சனிக்கிழமைகளில் அங்கே போகப்போகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் வாய் இருக்கவில்லை.

முதல் சனி நான் கூடப் போனேன். பஸ்ஸில். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, மாஸ்டரைத் தனியே மறித்தேன்.

“ஏன் பொய் சொன்னனீங்கள்?”

அவர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டார். “அண்ணை அந்த ஊரிலை இருக்கவேணும் அக்கா. நான் போறவன்.”

“அப்ப நான்? நான் அந்த ஊரிலை இருக்கத் தேவையில்லையோ?”

அவர் கை விசிலை விட்டது. “அதை… நான் யோசிக்கேல்லை.”

“யோசிச்சிருக்கமாட்டியள். ஆம்பிளையின்ரை மானம்தானே முதல் கண்ணிலை படும். உங்கட ஆண்டவருக்கும் அப்பிடியோ?”

“சுவாமியாரிட்டைச் சொன்னனான். உங்களிட்டை மன்னிப்புக் கேக்கச் சொன்னவர்.” மைதானத்து மண்ணில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, அவர் கையைத் தூக்கினார். “பிழை என்னிலை அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“மடத்திலை சொன்னதை மடத்திலை வந்து மாத்துவீங்களோ?”

“மாத்தினால் அண்ணை பொய்யனாகிடுவார்.”

“அப்ப நான் பொய்யியா இருக்கவேணும்.”

தூக்கிய கையை இறக்கினார். சிவந்த கண்கள். நான் மன்னிக்கவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நல்லதனத்தின் ஒரு முனை என் விலாவில் குத்திக்கொண்டு நிற்கிறது. அதை அவருக்காக நான் பூவென்று சொல்லவேண்டியதில்லை.

என் மகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அவள் இப்போது தகப்பனிடம் சண்டை பிடிப்பதில்லை, பணிவாகத்தான் நடக்கிறாள். ஆனால் இவர் எதையாவது சொல்லும்போது ஒரு கணம் பொறுத்து, கண்ணைப் பார்த்து, “உண்மையாவோ அப்பா?” என்று கேட்கிறாள். குத்திக்காட்டுவதற்கல்ல. உண்மையிலேயே அறியக் கேட்கிறாள். மழை வரும் என்று சொன்னாலும் கேட்கிறாள். இவர் வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பேர்

இப்போது சனிக்கிழமைகளில் இவர்தான் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறார். மைதானம் வரை போவதில்லை. சந்தியில் இறக்கிவிட்டு, அங்கேயே நின்று, முடிந்ததும் ஏற்றி வருகிறார். ஒருநாள் மாஸ்டர் சந்திவரை நடந்து வந்து, “வாங்கோ அண்ணை, வெயிலுக்கை நிக்காமல்” என்று கூப்பிட்டாராம். ஆதிரை சொன்னாள். “அப்பா ஹெல்மெட்டையே கழட்டேல்லை அம்மா.”

அன்று குசினிக்குள் வந்து நின்ற இவரிடம் நான் சொன்னேன்: “அவர் உங்களை மன்னிச்சிட்டார்.”

“தெரியும்,” என்றார். “அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு.”

 

இந்தப் பத்தியை எழுதி முடித்து, பத்திரிகைக்கு அனுப்பமுன் இவரிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். மடத்தில் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். இங்கே என்னை ஒருவரும் இருக்கச் சொல்ல ஏலாது. அதனால்தான் எழுதினேன், அதை இவர் தெரிந்துகொள்ளவேண்டும் என்று வாசித்தேன். கதிரையில் இருந்து கேட்டார். தாம்போதி வந்த இடத்தில் கண்ணை மூடினார். மடம் வந்த இடத்தில் திறந்தார்.

வாசித்து முடிந்தது. நான் காத்திருந்தேன். ஏதோ ஒரு சொல்லுக்கு, எவ்வளவு சின்னதானாலும்.

“பேரை மாத்திப்போடும்,” என்றார்.

“ஆற்றை பேரை?”

“என்ரை பேரைத்தான்.”

தாள்களைப் புரட்டினேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனின் பேரை வாயால் சொல்வதில்லை. நானும் இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. எழுதும்போதும் அந்தப் பழக்கம் கையைப் பிடித்திருக்கிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘இவர்’, ‘இவர்’, ‘இவர்’.

“உங்கட பேர் இதிலை ஒரிடத்திலையும் இல்லை.”

“வடிவாப் பாத்தனீரோ?”

“பாத்தனான்.”

“அப்ப சரி,” என்றார் இவர். எழுந்து, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.